கத்தரியும் கனிவும்

மூணாற்றுக்கு அருகே, முதிரப்புழை ஆறு பாறைகளின்மேல் விழுந்து இறங்கும் மலைச்சரிவில், பள்ளிவாசல் என்னும் ஊர் இருக்கின்றது. இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம் வட்டத்தைச் சேர்ந்த ஊர் அது. இன்றைய கேரள மாநிலத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940ஆம் ஆண்டில் இங்கேதான் இயங்கத் தொடங்கியது. மின்விளக்கு வருவதற்கு நெடுநாள் முன்பே அந்த மலைகளுக்குத் தேயிலை வந்துவிட்டது. தேயிலையோடு தமிழரும் வந்துவிட்டனர். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து, கங்காணிகளின் பின்னே நடந்து, போடிநாயக்கனூர்ப் பக்கத்து மலைவழிகளில் ஏறிச் சென்ற குடும்பங்கள் பல. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் அம்மலைகளின் லயங்களில் வாழ்கின்றனர். 1956 நவம்பர் முதல் நாளன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. கடைத்தெருவிலும் அலுவலகத்திலும் மலையாளம் வழங்க, வீட்டு அடுப்பங்கரையில் தமிழ் நிலைத்தது.

அந்த லயத்து வீடுகளிலும் மாலைப் பொழுதானால் பிள்ளைகள் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னே அமர்கின்றனர். அவர்கள் கண்டு களிக்கும் கதைகளுள் ஜப்பான் நாட்டுச் சித்திரக் கதைகள் பல. மும்பையிலும் பெங்களூரிலும் புது டில்லியிலும் வளரும் நம் தமிழ்க் குழந்தைகளின் நிலையும் இதுவே. அச்சில் வரும் ஜப்பானியப் படக்கதைக்கு ‘மங்கா’ என்று பெயர்; அசையும் சித்திரமாகத் திரையில் வந்தால் அது ‘அனிமே’. பழைய நூல்கள் பல இவ்வாறு படமாகும்போது கடுமை தணிந்து, நகையும் குளிர்ச்சியும் கூடி வருகின்றன. இதைக் காணும் பெற்றோர் சிலர் மகிழ்கின்றனர். வேறு சிலரோ, பாலில் நீர் கலந்தது போலக் கதையின் சத்துக் குறைந்துவிட்டதே என்று கவலை கொள்கின்றனர். அயல் மாநிலத்தில் வாழும் தமிழருக்கு இந்தக் கவலை இன்னும் சற்று மிகுதி. தாயகத்துக் கதைகள் குழந்தையிடம் சேர்வதே அரிதாக இருக்க, சேரும் சிறிதளவும் நீர்த்துப் போய்ச் சேரலாமா என்பது அவர்கள் கேள்வி. இக்கேள்விக்கு வரலாறு என்ன விடை கூறுகின்றது என்பதைப் பார்ப்போம்.

அன்பர்களே, மங்கா என்னும் சொல்லே மென்மையான பிறப்பை உடையது. மனம் போன போக்கில் வரைந்த சித்திரம் என்பது அதன் பொருள். ஹொகுசாய் என்னும் பேரோவியர் 1814ஆம் ஆண்டில் தம் கோட்டோவியங்களின் முதல் தொகுதியை அப்பெயரால் வெளியிட்டார். குளிப்பவர், குதிப்பவர், சுமை தூக்குபவர், பறவை, மீன் எனக் கண்ணிற் பட்டதையெல்லாம் அதில் வரைந்து வைத்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அக்கலை புதிய உருவம் கொண்டது. மருத்துவம் பயின்று பட்டம் பெற்ற தெசூகா ஒசாமு என்பார், திரைப்படக் காட்சிகளைப் போலக் கட்டம் கட்டமாக ஓடும் நெடுங்கதைகளை வரைந்தார். அவர் படைத்த இயந்திரச் சிறுவன் 1963ஆம் ஆண்டில் வாரந்தோறும் தொலைக்காட்சியில் தோன்றலானான். 1972ஆம் ஆண்டில் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் அவர் வரைந்த புத்தர் வரலாறு நம் நாட்டுக்கு உறவுடையது. பிணி, மூப்பு, சாக்காடு ஆகிய மூன்றையும் காட்டும் அப்பெருங்கதையின் நடுவே அவர் கோமாளித்தனமும் கேலியும் கலந்து வைத்தார். சிரித்துக்கொண்டே வந்த வாசகன் அடுத்த ஏட்டைத் திருப்பும்போது ஒரு மரணத்தின் முன்னே நிற்கிறான். சிரிப்பு அவனை அங்கே அழைத்து வந்துவிட்டது.

இவ்வகைத் தழுவல்களுள் எடுத்துக்காட்டாக நிற்பது ‘ஹெய்டி’. சுவிட்சர்லாந்து நாட்டு யோஹன்னா ஸ்பைரி அம்மையார் 1880, 1881ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக எழுதிய நாவல் அது. தாய் தந்தையரை இழந்த ஒரு சிறுமி, ஆல்ப்ஸ் மலையின் மேல் தனித்து வாழும் பாட்டனாரிடம் வளர்கிறாள். பின்னர் பிராங்பர்ட் நகரத்துச் செல்வர் வீட்டில், நடக்க இயலாத கிளாரா என்னும் சிறுமிக்குத் துணையாக அனுப்பப்படுகிறாள். ஜப்பானில் 1974ஆம் ஆண்டில் இது 52 பகுதிகள் கொண்ட தொடராக வந்தது. இயக்கியவர் இசாவோ தகஹாதா. காட்சிகளை வகுத்தவர் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஹயாவோ மியாசாகி. கதை நிகழும் இடத்தை நேரில் காண்பதற்காக அவர்கள் 1973ஆம் ஆண்டிலேயே சுவிட்சர்லாந்து சென்று வந்தனர்.

அவர்கள் நாவலில் செய்த மாற்றங்கள் கருதத்தக்கவை. மூல நூலில் சமய போதனை மிகுதி. பிரார்த்தனையும் மனமாற்றமும் கதையை நடத்திச் செல்கின்றன. தொடரில் அது பெரிதும் குறைந்தது. அந்த இடத்தை மலையும் காற்றும் ஆடுகளும் நிரப்பின. நூலில் இல்லாத பெரிய நாய் ஒன்று ஜோசப் என்ற பெயருடன் பாட்டனார் வீட்டு வாசலில் வந்து படுத்துக்கொண்டது. நூலில் ஆடு மேய்க்கும் பீட்டர், கிளாராவின் மேல் பொறாமை கொண்டு, அவளுடைய சக்கர நாற்காலியை மலையிலிருந்து உருட்டி நொறுக்குகிறான். தொடரில் பீட்டர் அந்தப் பிழையைச் செய்வதில்லை. ஒரு சிறுவனின் மேல் விழுந்த கறையைத் துடைத்துவிட்டார்கள்.

ஆயினும் ஒன்றை அவர்கள் துடைக்கவில்லை. பிராங்பர்ட் நகரத்து மாளிகையில் ஹெய்டிக்கு உண்ண உணவுண்டு, உடுக்க உடையுண்டு, அன்புத் தோழியும் உண்டு. இருந்தும் மலையை நினைந்து நினைந்து அவள் உடல் மெலிகிறாள். இரவில் தூக்கத்திலேயே எழுந்து நடந்து கதவைத் திறந்து வைக்கிறாள். ஊர் ஏக்கமே நோயாகி நின்ற அந்நிலையை மருத்துவர் கண்டறிந்து, அவளை மலைக்கே திருப்பி அனுப்பச் சொல்கிறார். இந்தத் துயரத்தைத் தொடர் முழுமையாகக் காட்டுகின்றது. விரைந்து கடந்து போகவில்லை. ஊரைவிட்டு ஊர் வந்து வாழும் நமக்கு அக்காட்சிக்கு உரை தேவையில்லை. அதட்டலும் போதனையும் உதிர்ந்துபோக, ஏக்கம் மட்டும் தங்கிற்று. இதனை நல்ல தழுவலுக்கு முதல் இலக்கணம் எனலாம்.

நம் நாட்டைக் களமாகக் கொண்ட ஆங்கில நூலொன்றும் இவ்வாறே ஜப்பான் சென்று திரும்பியது. 1894ஆம் ஆண்டில் கிப்ளிங் எழுதிய காட்டுக் கதைகளை 1989ஆம் ஆண்டில் ஜப்பானியர் 52 பகுதிகள் கொண்ட தொடராக்கினர். மௌக்ளிக்கு ஓநாய்க் குடும்பத்தில் விளையாட்டுத் தோழரைச் சேர்த்துக் கதையை வீட்டுப் பாங்காக்கினர். 1993ஆம் ஆண்டில் அது இந்தி மொழியில் தூர்தர்ஷனில் வந்தபோது குல்சார் எழுதிய தொடக்கப் பாடல் நாடெங்கும் ஒலித்தது. வடபுலத்தில் அக்காலத்தே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு அப்பாட்டு இன்றும் மறந்திராது.

இனி, வேறொரு வகை மென்மையையும் கூறவேண்டும். ஷின்-சான் என்னும் ஐந்து வயதுக் குறும்பனைப் பலரும் அறிவர். யோஷிதோ உசுயி என்பவர் 1990ஆம் ஆண்டில் அவனைப் படைத்தது பெரியவர்களுக்கான ஓர் இதழில், குழந்தைகளுக்காக அன்று. 1992ஆம் ஆண்டில் அவன் ஜப்பானியத் தொலைக்காட்சிக்கு வந்தான். 2006ஆம் ஆண்டில் இந்தியத் தொலைக்காட்சிக்கு வந்தான். அவனைப் பார்த்துப் பிள்ளைகள் மரியாதை கெட்டுப் பேசுகின்றனர் என்று பெற்றோர் முறையிட, 2008ஆம் ஆண்டில் மத்திய அரசு அத்தொடரை நிறுத்தியது. பின்னர்க் காட்சிகள் வெட்டப்பட்டு, பேச்சுத் திருத்தப்பட்டு, அவன் மீண்டும் வந்தான். பெற்றோரின் முறையீட்டில் நியாயம் இல்லாமல் இல்லை. பெரியவர்கள் தம்மைத் தாமே கேலி செய்துகொள்ள எழுதிய கதை குழந்தைகளின் முன்னே வந்து நின்றது. ஆனால் அங்கே நேர்ந்தது கத்தரியின் மென்மை. ஓரிடத்தை வெட்டினார்கள், வெட்டிய இடத்தில் வேறொன்றை வைக்கவில்லை. ஹெய்டிக் கதையிலோ போதனையை எடுத்த இடத்தில் ஒரு மலையையே கொண்டுவந்து வைத்தார்கள். கத்தரியால் வரும் மென்மையையும் கனிவால் வரும் மென்மையையும் நாம் பிரித்தறிய வேண்டும்.

இந்தப் பிரிவைத் தெளிவாகக் காட்டுவது நம் இராம காதையே. யூகோ சாகோ என்னும் ஜப்பானியர், அகழாய்வு அறிஞர் பி. பி. லால் நடத்திய இராமாயண இட ஆய்வுகளைப் பற்றிச் செய்திப்படம் எடுக்கும் பொருட்டு 1983ஆம் ஆண்டில் இந்தியா வந்தார். அப்போது கேட்ட கதை அவரை விடவில்லை. ஜப்பானிய மொழியில் கிடைத்த இராமாயண நூல்கள் பலவற்றைத் தேடிப் படித்தார். நடிகரை வைத்து எடுத்தால் இராமன் அந்த நடிகன் ஆகிவிடுவான்; சித்திரமே அவனுக்குத் தகும் என்று கருதினார். இச்செய்தி வெளியானதும் எதிர்ப்பு எழுந்தது. புனிதமான காவியத்தைக் கார்ட்டூன் ஆக்குவதா என்று கேட்டனர். நம் நாட்டில் கார்ட்டூன் என்றால் கேலிச் சித்திரம் என்ற எண்ணமே அன்று மிகுந்திருந்தது. ஜப்பானிலோ அது பெரியோரும் சிறியோரும் ஒருங்கே மதிக்கும் கலை. சாகோ பொறுமையுடன் விளக்கினார். இந்திய அரசின் கூட்டு முயற்சி கைகூடவில்லை. படம் ஜப்பானிலேயே உருவாயிற்று.

இந்தியத் தரப்பில் அவரோடு இணைந்து இயக்கியவர் ராம் மோகன். 1956ஆம் ஆண்டில் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்து, நம் நாட்டில் அசையும் சித்திரக் கலைக்கு வேரூன்றியவர் அவர். கோய்ச்சி சசாகி மூன்றாம் இயக்குநர். ஏறத்தாழ 450 ஓவியர்கள் உழைத்தனர். வேட்டி எவ்வாறு கட்டப்படும், பெரியோர் குழந்தையை எவ்வாறு வாழ்த்துவர் என்பவற்றையெல்லாம் இந்திய ஓவியர் ஜப்பானிய ஓவியருக்குச் சொல்லித் தந்தனர். வன்ராஜ் பாட்டியா இசையமைத்தார். 1993 ஜனவரியில் புது டில்லியில் நடைபெற்ற சர்வதேசத் திரைப்பட விழாவில் இப்படம் காட்டப்பெற்றது. பல ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில், தமிழ் உள்ளிட்ட மொழிகளில் குரல் பெற்று மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது.

அப்படத்து இராமன் இளைஞன். பெரிய விழிகளும் அமைந்த முகமும் உடையவன். குரங்குப் படையின் குறும்பு குழந்தைகளைச் சிரிக்க வைக்கின்றது. போர்க்களத்திலோ வெற்றி முழக்கத்தைக் காட்டிலும், விழுந்தோரை எண்ணி வருந்தும் இராமனையே நாம் மிகுதியாகக் காண்கிறோம். உத்தர காண்டத்துப் பிரிவுக் கதை படத்தில் இல்லை. அணுகுண்டு விழுந்த நாட்டவர் இராம இராவணப் போரை வரையும்போது வில்லின் நாணொலியோடு ஒரு பெருமூச்சும் சேர்ந்து கேட்பதில் வியப்பில்லை. அவர்கள் காவியத்திற்குத் தந்த கனிவு அது.

காவியத்தின் கதையை இப்படி மாற்றலாமா என்று தயங்குவோர், நம் கம்பரை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஆதிகவி வான்மீகியார் நூலில் இராவணன் சீதையைத் தன் கைகளாற் பற்றித் தூக்கிச் செல்கிறான். தமிழ் மக்களின் செவி அதைப் பொறாது எனக் கண்ட கம்பர், பர்ணசாலை இருந்த நிலத்தோடு பெயர்த்து, அவளைத் தீண்டாது கொண்டு சென்றான் என்று அமைத்தார். வாலி இறந்தபின் தாரை சுக்கிரீவனோடு வாழ்வது வடநூற் செய்தி. கம்பர் தாரையை மங்கல அணி துறந்த கைம்பெண்ணாக நிறுத்தினார். அவளைக் கண்ட இலக்குவன் தன் தாயரின் நிலையை எண்ணிக் கண்கலங்கினான் என்று பாடினார். சினத்தோடு வந்த வீரன் தலை கவிழ்ந்து நிற்கும் அக்காட்சி, மாற்றத்தால் விளைந்த செல்வம்.

ஆனால் அதே கம்பர், போர் முடிந்தபின் இராமன் சீதையை நோக்கிக் கூறும் கடுஞ்சொற்களை நீக்கிவிடவில்லை. தீக்குளிக்கும் காட்சியும் அவர் நூலில் அவ்வாறே நிற்கின்றது. அதைப் படிக்கும்தோறும் நெஞ்சம் சுடத்தான் செய்கின்றது. கம்பரால் அதைத் தவிர்த்திருக்க முடியாதா? முடியும். எங்கே தணிக்க வேண்டும், எங்கே தணிக்கலாகாது என்பதை அறிந்தவர் அவர். நோவையே எடுத்துவிட்டால் சீதையின் பெருமையும் அதனோடு போய்விடும்.

கம்பர் சித்திரமாகி அசைந்த இடமும் ஒன்று உண்டு. அது ஜப்பானில் இல்லை. பள்ளிவாசல் இருக்கும் அதே கேரளத்தில், வடக்கே பாலக்காட்டுச் சீமையில், பாரதப்புழை ஆற்றங்கரை ஊர்களில் இருக்கின்றது. அங்கே பகவதி கோயில்களில் கூத்துமாடம் என்னும் நீண்ட மேடை தனியே கட்டப்பட்டிருக்கும். அதன் நீளம் 42 அடி. முன்னே வெள்ளைத் திரை. பின்னே வரிசையாக 21 விளக்குகள். திரைக்கும் விளக்குக்கும் நடுவே தோலில் செதுக்கிய பாவைகளை நிறுத்தி, அவற்றின் நிழலை ஆடவிட்டு, இராம காதையை நடத்துகின்றனர். இதுவே தோல்பாவைக் கூத்து. தை மாதத்தில் தொடங்கிக் கோடைவரை, கோயிலின் வழக்கத்திற்கேற்ப ஏழு இரவு முதல் 71 இரவு வரையில் இது நடைபெறும். தாருகனோடு பொருதுகொண்டிருந்தமையால் பத்திரகாளிக்கு இராம இராவணப் போரைக் காண இயலாது போயிற்றாம். அந்தக் குறை தீரவே அவள் முன்னே ஆண்டுதோறும் அக்கதை நிகழ்கின்றது என்பது ஐதிகம்.

இதில் நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி, அவர்கள் பாடும் பாட்டு கம்பருடைய தமிழ்ப் பாட்டு என்பதே. ஆட்டுவிப்போரின் வீட்டு மொழி மலையாளம். ஆயினும் அவர்களுக்கு வழங்கும் பட்டம் புலவர். பாட்டைத் தமிழில் பாடி, தமிழும் மலையாளமும் வடமொழியும் கலந்த உரைநடையில் அதற்கு விரிவுரை கூறுவர். கவிக்கூற்றாக அமைந்த செய்யுளையும் பாத்திரங்களின் வாய்மொழியாக மாற்றி, நிழல்கள் ஒன்றோடொன்று உரையாடும்படி செய்வர். போருக்கு நடுவே உலகியலும் வேடிக்கையும் அளவளாவலும் புகும். கம்பர் நூலில் இல்லாத ஒரு கதையையும் அவர்கள் சேர்த்திருக்கின்றனர். தவம் செய்துகொண்டிருந்த சூர்ப்பணகையின் மகன் சம்புகுமாரன், இலக்குவன் அறியாது வீசிய வாளால் இறந்துபடுகிறான். பிறகு சூர்ப்பணகை வரும்போது அரக்கி ஒருத்தி வருவதாக நாம் எண்ணுவதில்லை. மகனை இழந்த தாய் வருவதாகவே எண்ணுகிறோம். அக்கதையில் ஒரு சாவு கூடியிருக்கின்றது, ஆனாலும் கனிவு பெருகியிருக்கின்றது. துன்பத்தைக் குறைப்பதொன்றே மென்மைக்கு வழி என்று கருதுவோர் இதை நோக்க வேண்டும்.

இக்கூத்தின் இன்றைய நிலையையும் மறைக்காமல் கூறவேண்டும். அமெரிக்க அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இக்கலையை நேரில் ஆராய்ந்து 1996ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். இரவெல்லாம் கூத்து நடக்க, திரைக்கு முன்னே கேட்பார் எவரும் இல்லாத நிலையை அவர் எழுதியிருக்கிறார். ஆயினும் புலவர்கள் பாட்டில் ஒன்றையும் குறைப்பதில்லை. தேவி கேட்கின்றாள் என்பது அவர்கள் நம்பிக்கை. திரைக்குப் பின்னே ஒருவர் பாட, மற்றவர் கேட்டு மறுமொழி கூறிச் சுவைக்கின்றனர். சொரனூருக்கு அருகே கூனத்தறையில் வாழ்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் இக்கலையைக் கோயில் மதிலுக்கு வெளியேயும் கொண்டுவந்தார். அவர் மகனார் இராமச்சந்திரப் புலவர் பள்ளிக் குழந்தைகளுக்கும் பயணிகளுக்கும் ஏற்றவாறு சுருங்கிய கூத்துக்களை அமைத்தார்; காந்தியடிகளின் வரலாற்றையும் நிழலில் ஆடவிட்டார். 2021ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. பல இரவுக் கதையைச் சிறு பொழுதில் அடக்கும்போது இழப்பு உண்டு என்பதை மறுக்க இயலாது. ஆனால் அந்தச் சிறு பொழுதில் கண்விழித்த குழந்தைகளுள் ஒருவரேனும் என்றோ ஒருநாள் கூத்துமாடத்தின் முன்னே வந்து அமரக்கூடும்.

எந்த அளவுக்கு மென்மை செல்லலாம் என்பதற்கு ஜப்பான் நாட்டிலிருந்தே இன்னுமொரு சான்று தருகின்றேன். ஹிரோஷிமா நகரில் 1945 ஆகஸ்டு 6ஆம் நாள் அணுகுண்டு விழுந்தபோது கெய்ஜி நகசாவாவுக்கு வயது ஆறு. உயிர் தப்பிய அவர், தாம் கண்ட கொடுமையை 1973ஆம் ஆண்டு முதல் மங்காவாக வரைந்தார். அது கண்ணை மூடிக்கொள்ளச் செய்யும் நெருப்புச் சித்திரம். அடுத்த தலைமுறையில், அதே நகரில் 1968ஆம் ஆண்டில் பிறந்த பூமியோ கோனோ என்னும் பெண் ஓவியர் வேறு வழியை நாடினார். ஹிரோஷிமாவிலிருந்து குரே என்னும் துறைமுக நகருக்கு மணமகளாகச் சென்ற சுசு என்ற பெண்ணின் வாழ்க்கையை வரைந்தார். அவள் கனவு காண்பவள்; ஓயாது படம் வரைபவள்; ரேஷன் அரிசி போதாதபோது காட்டுக்கீரை கொய்து சமைப்பவள். ஏடுதோறும் இளநகை அரும்பும். 2016ஆம் ஆண்டில் சுனாவோ கதபுச்சி அதனைத் திரைப்படமாக்கினார்.

ஆனால் அந்தச் சுசு, ஒரு குண்டு வெடிப்பில், தான் கைப்பிடித்து நடத்திச் சென்ற சிறுமியை இழக்கிறாள். படம் வரையும் வலக்கையையும் இழக்கிறாள். அதுவரை அவளோடு சமைத்தும் சிரித்தும் வந்த நாம் அந்தக் கையின் இழப்பை நம் இழப்பாகவே உணர்கிறோம். நகசாவா கண்ட உண்மையும் கோனோ காட்டிய உண்மையும் ஒன்றே. முன்னது சாட்சியின் குரல். பின்னது அச்சாட்சியைக் கேட்டு வளர்ந்த மகளின் குரல். இரண்டும் ஒரு நாட்டுக்கு வேண்டும்.

இதனைக் கூறும்போது மனம் மீண்டும் தேயிலை மலைகளுக்குத் திரும்புகின்றது. அம்மலைகளின் கதையும் கடுங்கதையே. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணி செய்த பி. எச். டேனியல், கூலிகளாகச் சென்றவர்களின் துயரத்தை 1969ஆம் ஆண்டில் ஆங்கில நாவலாக வெளியிட்டார். அது ‘எரியும் பனிக்காடு’ என்ற பெயரில் இரா. முருகவேள் மொழிபெயர்ப்பாகத் தமிழில் வந்தது. இயக்குநர் பாலா அதனைத் தழுவி 2013ஆம் ஆண்டில் ‘பரதேசி’ படத்தை எடுத்தார். நாவலினும் கடுமையாகத் தோன்றும் காட்சிகள் அப்படத்தில் உண்டு. அந்தக் கடுமைக்கும் ஒரு நியாயம் இருக்கின்றது. நெடுங்காலம் எவரும் காது கொடுக்காத கதையை உரத்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ஆயினும் லயத்தில் வளரும் ஏழு வயதுக் குழந்தைக்கு அதனை எப்படிக் காட்டுவது? 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மூணாற்றுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து, உறங்கிக்கொண்டிருந்த லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர்; தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வேரோடு போயின. தம்மோடு படித்த பிள்ளையின் இடம் வகுப்பில் காலியாயிருப்பதைக் கண்ட குழந்தைகள் அம்மலையில் இருக்கின்றனர். அவர்களிடம் அதைப் பேசாது விடுவது கத்தரியின் வேலை. அன்று இரவு நடந்ததை அப்படியே விவரிப்பதும் குழந்தைக்கு ஆகாது. அவர்களுக்குச் சொல்லும் கதை ஒன்று இனி எழுதப்பட வேண்டும், வரையப்பட வேண்டும். அதில் கொழுந்து கிள்ளும் பாட்டி இருப்பாள். வரையாடு பாறைமேல் நிற்கும். மழையில் பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகளின் விளையாட்டும் வம்பும் இருக்கும். ஓரிடத்தில் கதை மெல்ல நின்று, இந்த வீட்டில் முன்பு இன்னார் இருந்தனர் என்று சொல்லிவிட்டு மேலே நடக்கும். சுசுவின் கதை அத்தகையது. ஹெய்டியின் கதை அத்தகையது. தாரையைக் கண்டு இலக்குவன் நின்றதும் அத்தகையதே.

அயல் மாநிலங்களில் வாழும் அன்பர்களே, உங்கள் குழந்தை இராமனை முதன்முதலில் ஜப்பானியர் வரைந்த பெரிய கண்களோடு அறிந்துகொண்டால் வருந்தாதீர்கள். படம் முடிந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு எழுந்து போகாமல், ‘பிறகு என்ன ஆயிற்று?’ என்று குழந்தை கேட்கும் வரை சற்றே அருகில் இருங்கள். விட்டுப்போன கதையைச் சொல்லும் உரிமை அப்போது உங்களுக்குக் கிடைக்கும். சீதை பட்ட துயரை அன்று ஒரு பங்கு சொல்லுங்கள். குழந்தை வளர வளர மறு பங்கையும் சொல்லுங்கள். நீங்கள் ஊரைவிட்டு வந்த கதையையும் அவ்வாறே சொல்லலாம். அதில் வேடிக்கை வரட்டும்; பாட்டியின் பழமொழி வரட்டும்; கண்ணீர் வரவேண்டிய இடத்தில் அதுவும் வரட்டும். முக்கியமாக, அதனைத் தமிழில் சொல்லுங்கள்.

பாலக்காட்டுப் புலவர்கள் கேட்பார் இல்லாத இரவுகளிலும் கம்பரின் தமிழைப் பாடி விடியச் செய்கின்றனர். நம் வீட்டில் கேட்பதற்கு ஒரு குழந்தையாவது விழித்திருக்கின்றது.